குழாயில் பிடித்த மூச்சு

சென்ற வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கென்று என் தங்கையின் மகள் இலண்டனிலிருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்தாள். கொண்டுவந்த பொருள்களை யெல்லாம் எல்லாருக்கும் பங்கிட்டபின், பெட்டியின் அடியிலிருந்து சிறியதோர் அட்டைப்பெட்டியை எடுத்து, எவருக்கும் கொடாமல் அலுமாரியின் மேற்றட்டில் வைத்தாள். வீட்டுச் சிறுவர்களின் கண்ணெல்லாம் அதன்மீதே இருந்தது. இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் அதற்குள் என்ன இருக்கிறதென்று கேட்டே விட்டார்கள்.

"அது வெறுங்குழாய். காத்துப் பிடிக்கிறதுக்கு" என்றாள் அவள்.

சிறுவர்கள் நம்பவில்லை. ஆயினும் அவள் உரைத்ததில் பொய் ஒரு துளியும் இல்லை. பெட்டிக்குள் ஏழு கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. பை பொருத்திய ஊதுவாய் ஒன்று. வெண்ணிறத் தூள் நிறைந்த பொட்டலம் ஒன்று. நேரத்தைக் குறித்து ஒட்டுவதற்கான சீட்டுகள். நான்கு பக்கத்தில் ஓர் அறிவுறுத்தற்றாள். பால் அவளுக்குச் சமிபாடடைகிறதா இல்லையா என்பதை, அவள் வெளிவிடும் மூச்சைக் கொண்டே அறியும் சோதனை அது. வைத்தியசாலைக்குப் போகவேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே மூச்சைக் குழாயில் அடைத்து, ஆய்வுகூடத்துக்கு அஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்.

வயிற்றின் குறையை மூச்சு எங்ஙனம் சொல்லும் என்று நேயர்கள் வினவுவீர்கள். நானும் வினவினேன். அதற்கு விடை கூறுமுன், அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள்ள வரலாற்றைச் சொல்லிவிடுதல் நலம்.

2009ஆம் ஆண்டில் எங்கள் குடும்பம் செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது அவளுக்குப் பத்து வயது. அங்கே அவளுக்கு ஒரு வயிற்றோட்டம் பிடித்து, மூன்று கிழமை வாட்டியது. எலும்புந் தோலுமாய் எழுந்து நடந்தாள். அதன் பின்னர் பால்மாக் கரைத்துக் கொடுத்தால் வயிறு ஊதும், இரையும், சில வேளை ஓடும். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், "பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது" என்றார். அவர் அன்புடன் சொன்ன அந்தத் தீர்ப்பை நாங்கள் மேல்முறையீடு ஏதுமின்றி ஏற்றுக்கொண்டோம். முதலிலே பால் நின்றது. பின்னர் தயிர் நின்றது. ஊர் திரும்பிக் கொட்டில் போட்டு, மாடு கன்று மறுபடி சேர்ந்த காலத்திலும், வீட்டில் உறைந்த தயிரை எல்லாரும் உண்ண அவள் மாத்திரம் ரசத்தோடு எழும்பிவிடுவாள். இலண்டன் சென்றபின் தன் பட்டியலைத் தானே நீட்டிக்கொண்டாள். பாண் போயிற்று, வெங்காயம் போயிற்று, பருப்பும் போயிற்று. வயிறு மட்டும் இருந்தபடியே இருந்தது. எவர் வீட்டு விருந்துக்கு அழைத்தாலும் போக அஞ்சும் நிலைமைக்கு வந்தாள். அதன் பிறகே அங்குள்ள வைத்தியர், "முதலில் பால் குற்றவாளியா என்பதைச் சோதித்துப் பார்ப்போம்" என்று இந்தச் சோதனையை எழுதிக் கொடுத்தார்.

வைத்தியர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. பாலில் உள்ள வெல்லத்தை உடைத்துச் சமிக்கச் செய்வது லக்டேஸ் என்னும் நொதியம். அது சிறுகுடலின் உட்சுவரிலுள்ள நுண்ணிய விரல் போன்ற முளைகளின் நுனியில் இருக்கின்றது. கடும் வயிற்றோட்டம் வந்தால் அந்த நுனிகள் சிதைந்துவிடும்; பால்வெல்லம் சமிக்காது. ஆனால் குடல் ஆறியபின் நுனிகள் மீண்டும் வளரும். நொதியமும் திரும்பி வரும். இஃது ஒரு வகை. மற்றொரு வகை, பிறப்பிலேயே எழுதப்பட்டது. தாய்ப்பால் மறந்த பின்னர் இந்த நொதியம் படிப்படியாகக் குறைந்துபோவதே உலக மக்களிற் பெரும்பாலோரின் இயல்பு. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பால்வெல்லத்தை முற்றாகச் சமிக்க மாட்டாதவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே, முகாமில் அந்த மூதாட்டி கூறியது அன்றைக்கு உண்மையாக இருந்திருக்கலாம். இன்றைக்கும் உண்மையா என்பதுதான் வினா. பதினைந்து ஆண்டுக்கு மேலாக ஒரு பிள்ளை தயிரை ஒதுக்கி வாழ்ந்தது தேவையா, வீணா என்பது அந்த ஏழு குழாய்களில் இருந்தது.

இனி மூச்சின் கதைக்கு வருவோம். மனித உடலின் உயிரணு எதுவும் ஐதரசன் வாயுவை ஆக்குவதில்லை. நம் பெருங்குடலில் குடியிருக்கும் பற்றீரியாக்களே அதை ஆக்குகின்றன. மேல்வயல் குடித்தது போக மிஞ்சிய நீர் கழிவாய்க்கால் வழியாகக் கீழ்நிலத்துக்கு இறங்குவதை வன்னியிற் பிறந்த எவரும் அறிவர். உணவும் அத்தகையதே. சிறுகுடல் உறிஞ்சாத வெல்லமும் மாச்சத்தும் கீழே பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே காத்திருக்கும் பற்றீரியாக்கள் அதைப் புளிக்கச் செய்து ஐதரசனை விடும். அதில் ஒரு பங்கு குருதியிற் கலந்து, நுரையீரலுக்குச் சென்று, மூச்சோடு வெளியேறும். சிலருடைய குடலில் மற்றோர் இன நுண்ணுயிர் வாழ்கின்றது. அது ஐதரசனை உட்கொண்டு மெதேன் வாயுவாக மாற்றிவிடும். ஆதலால் நல்ல ஆய்வுகூடங்கள் இரண்டு வாயுக்களையும் அளப்பது வழக்கம். ஐதரசனை மாத்திரம் அளந்தால் இத்தகையோர் விடயத்தில் ஏமாந்துபோக நேரிடும்.

இந்த அறிவு எங்கிருந்து தோன்றியது என்பது மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். 1960களில் அமெரிக்கர் விண்வெளிக்கு ஆட்களை அனுப்ப முனைந்தபோது, மூடிய சிறு கலத்துக்குள் அவர்கள் உண்ணும் உணவு எவ்வளவு வாயுவை உண்டாக்கும் என்று அறியவேண்டி வந்தது. ஐதரசனும் மெதேனும் தீப்பற்றும் வாயுக்கள் அல்லவா? கலிபோர்ணியாவில் டோரிஸ் கலோவே என்னும் அம்மையாரும் எட்வின் மேர்பி என்பவரும் அவரை முதலிய உணவுகளைக் கொடுத்து மூச்சை அளந்து, 1968இல் தம் முறையை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் மைக்கேல் லெவிற் என்ற வைத்தியர், குடலில் ஐதரசன் பிறந்து மூச்சில் வெளியேறும் வகையை அளந்து காட்டினார். பருப்புக் கறியால் வரும் சங்கடத்தை விண்வெளிக்காரரும் நம்மைப் போலவே அஞ்சினர் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சோதனையின் தத்துவம் இவ்வளவே. வெறும் வயிற்றில் முதல் மூச்சைப் பிடிக்க வேண்டும். பின்னர் 25 கிராம் பால்வெல்லத்தை நீரிற் கரைத்துக் குடிக்க வேண்டும். ஏறத்தாழ அரை லீற்றர் பாலில் உள்ள அளவு அது. அதன் பின் அரைமணிக்கு ஒரு மூச்சாக மூன்று மணி நேரம் பிடிக்க வேண்டும். சிறுகுடல் வெல்லத்தை முழுவதும் உறிஞ்சிக்கொண்டால் ஐதரசன் ஏறாது. உறிஞ்சாமற் கீழே விட்டால், மூச்சில் பத்து இலட்சத்துக்கு 20 பங்கு அல்லது அதற்கு மேல் ஏறும்.

இத்துணை நுண்ணிய அளவை எதனாற் கெடும்? முந்திய நாள் உண்ட ஒரு பிடி பயற்றாலும் கெடும். அதுதான் இந்தச் சோதனையின் உயிர்நிலை. இயந்திரம் பிழை விடுவது அரிது. முந்திய இரவு உண்ட உணவே பிழை விடும்.

எங்கள் பிள்ளைக்கு அது முன்னரே நேர்ந்திருந்தது. இலண்டனில் ஒருமுறை இதே சோதனையைச் செய்தாள். முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்பவள் அவள். வேலைக்குப் போகும் வழியில் தோழி வீட்டில் இறங்க, அவர்கள் சோறும் பருப்பும் சொதியும் இட்டார்கள். ஒரு கரண்டிதானே என்று உண்டாள். விடிந்ததும் வீடு வந்து சோதனையைத் தொடங்கி, இடையிடையே கண்ணயர்ந்தும் விட்டாள். கரைசலைக் குடிக்குமுன் பிடித்த முதற் குழாயிலேயே ஐதரசன் 31 பங்கு இருந்ததாம். "முடிவு கூற இயலாது" என்று ஆய்வுகூடம் எழுதிவிட்டது. முடிவு கூறியிருந்தால் இன்னும் கேடு. குற்றமற்ற பாலுக்குத் தண்டனை உறுதியாகியிருக்கும். இரண்டாம் பெட்டியை வாங்கியவள், இரவு வேலையில்லாத விடுமுறை நாளில், அம்மாவின் வீட்டில் அமைதியாகச் செய்வோம் என்று இங்கே கொண்டுவந்தாள். அம்மாவின் வீட்டில் அமைதி! பாவம், பிள்ளை ஊரை மறந்துவிட்டது.

குழாய்கள் எத்தனை நாளுக்குள் ஆய்வுகூடத்தைச் சேரவேண்டும் என்பது தாளில் இருந்தது. அதை எண்ணி, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பாகச் சோதனை நாளை வைத்துக்கொண்டாள். அதற்கு நான்கு கிழமைக்குள் நுண்ணுயிரெதிரி மருந்து ஏதும் உண்டிருக்கலாகாது. உண்டால் பெருங்குடலில் ஐதரசன் ஆக்கும் பற்றீரியாக்களே குறைந்துபோக, இருக்கும் குறை மறைந்துவிடும். ஒரு கிழமைக்குள் பேதி மருந்தும் ஆகாது. இங்கேதான் என் தங்கை முதலில் அகப்பட்டாள். பயணக் களைப்புத் தீரவென்று பிள்ளைக்கு ஒரு பேதிக்குக் கொடுக்கக் கடுக்காயை இடித்து வைத்திருந்தாள். நான் தாளைக் காட்டித் தடுத்தேன். "அண்ணை, கடுக்காய் மருந்தே? அது சாப்பாடு" என்றாள். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. இடித்த கடுக்காயை மாத்திரம் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டேன்.

முந்திய நாள் உணவு பற்றிய பக்கத்தை எழுதியவர் வன்னியில் ஒரு வேளையேனும் உண்டவர் அல்லர். வெள்ளைச் சோறு, அவித்த கோழி அல்லது மீன், முட்டை, தெளிந்த இறைச்சிச் சாறு, உப்பு, சிறிது மிளகு, தண்ணீர், பாலுஞ் சீனியுமில்லாத தேநீர் என்று எழுதியிருந்தார். பாலும் பழமும் மரக்கறியும் பருப்பு வகையும் ஆகா என்று விலக்கியிருந்தார். ஆனால் பிட்டு ஆகுமா, இடியப்பம் ஆகுமா, கூழ் ஆகுமா என்று அவருக்குத் தெரியாதே! அவருடைய தாளை எங்கள் அடுப்படிக்கு ஏற்ப நாங்களே பெயர்க்க வேண்டியதாயிற்று.

சோறு என்றதும் தங்கை குத்தரிசியைக் களைந்தாள். நல்ல அரிசிதான், நாளாந்தம் உண்ண அதனிற் சிறந்தது வேறில்லை. ஆனால் அதன் சிறப்பான தவிடே இங்கு இடையூறு. தவிட்டு நார் பெருங்குடலுக்கு இறங்கிப் பற்றீரியாக்களுக்கு விருந்தாகும். நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியே வேண்டும். ஆண்டு முழுவதும் நாம் குறைசொல்லும் அந்த வெள்ளையரிசிக்கு இந்த ஒரு நாள் மாத்திரம் மதிப்பு. 1981இல் முன்னே சொன்ன லெவிற்றும் அவருடன் சேர்ந்தவர்களும் வெவ்வேறு மா வகைகளை உண்பித்து மூச்சை அளந்தபோது, கோதுமை மாவின் மாச்சத்தில் ஒரு பகுதி உறிஞ்சப்படாமற் பெருங்குடலைச் சேர்வதையும், அரிசி மா ஏறக்குறைய முழுவதும் மேலேயே உறிஞ்சப்படுவதையும் கண்டார்கள். மேனாட்டார் எழுதும் தாள்கள் சில வெள்ளைப் பாணுக்கு இடங்கொடுக்கின்றன. அரிசி உள்ள வீட்டில் பாணைத் தேடுவானேன் என்பது என் கருத்து.

அரிசி என்றதனாற் பழஞ்சோறும் ஆகும் என்று எண்ணிவிடாதீர்கள். சோறு ஆறிக் குளிர்ந்தால் அதன் மாச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலின் நொதியங்களுக்கு அடங்காததாகிவிடும். மற்ற நாளில் அது குடலுக்கு நல்லது. சோதனைக்கு முந்திய நாளில் ஆகாது. ஆகையால் அன்று மூன்று வேளையும் உலை வைத்துச் சுடச்சுட வடித்தார்கள். விடியற்காலை வயலுக்குப் பழஞ்சோறு கட்டிக்கொண்டு போகும் என் மைத்துனருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

மீன், இரணைமடுக் குளத்திலிருந்து அன்று காலை வந்த மீன். அதை உப்பும் மிளகும் இட்டு அவித்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். பகல் பதினொரு மணிக்கு அடுப்படியிலிருந்து வந்த மணம் ஐயத்தைத் தந்தது. போய் மூடியைத் திறந்தேன். மீனுக்கு நடுவே நான்கு சின்ன வெங்காயமும் இரண்டு பல் உள்ளியும் மிதந்துகொண்டிருந்தன.

"மணத்துக்குத்தான் போட்டனான். அவள் எடுத்துப்போட்டுச் சாப்பிடுவாள்" என்றாள் தங்கை.

வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள ஒருவகை வெல்லச் சங்கிலியை உடைக்க மனிதக் குடலில் நொதியம் இல்லை. அது நீரிற் கரைவது. வெங்காயத்தை எடுத்துப்போட்டாலும் சாறு சட்டியிலேயே இருக்கும். இதை நான் விளக்க, அவள் கேட்க, இருவருக்குஞ் சற்றுக் குரல் உயர்ந்தது. அந்தச் சட்டி சிறுவர்களுக்குப் போயிற்று. அவர்களுக்கு அன்று கொண்டாட்டம். பிள்ளைக்கு மறுபடி வேறு மீன் வெறும் உப்பில் அவிந்தது. தேங்காய்ப்பால் இல்லை, புளி இல்லை, கருவேப்பிலை இல்லை. ஒரு தாய் தன் மகளுக்கு, அதுவும் நாளை மறுநாள் கடல்கடந்து போகிறவளுக்கு, இப்படியொரு வெள்ளைத் தட்டை வைக்க மனம் எவ்வளவு நொந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பதினைந்தாண்டுக் காலமாக அவளுக்குத் தயிர் இடவில்லையே என்ற ஏக்கத்தின் மேல் இதுவும் ஒரு கல்.

மாலையில் விருந்தினர் வந்தனர். பயணம் போகும் பிள்ளையைப் பார்க்க வருபவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? பயற்றம் பணியாரம் ஒரு பெட்டி, வறுத்த கச்சான் ஒரு பை, பனங்கட்டி ஒரு குட்டான். ஒவ்வொன்றும் சோதனைக்கு நஞ்சு. பயறு, கௌபி, கடலை முதலியவற்றிலுள்ள சில வெல்லங்கள் சமிக்காமற் கீழே இறங்குபவை. எல்லாவற்றையும் பொதியில் வைத்துக் கொண்டுபோய் இலண்டனில் உண்பதாகச் சொல்லி அவள் தப்பினாள். முதிய அயலவர் ஒருவர், "பச்சைத்தண்ணியோடயோ பிள்ளையை வைச்சிருக்கிறியள்?" என்று எங்களைக் கடிந்து சென்றார். மல்லித்தண்ணீர் வைத்துத் தர முன்வந்தவரும் உண்டு. பட்டியலில் இல்லாதது வாயில் படலாகாது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டோம். இது நல்லதா, அது தீயதா என்று ஒவ்வொன்றாக ஆராயப் புகுந்தால் இரவாகிவிடும்.

அவளுக்கு மலச்சிக்கல் இல்லை. இருப்பவர்களுக்கு முந்திய உணவு குடலிற் கூடுதலாகத் தங்குமாதலின், ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் இவ்வுணவை உண்ணுமாறு தாளில் எழுதியிருந்தது. மாலை 6 மணிக்கு முன் இரவுணவு முடிந்தது. அதன் பின் தண்ணீர் மட்டுமே.

மறுநாட் காலை 6 மணிக்கு அவளை முன் விறாந்தையில் இருத்தினோம். புகைபிடிப்பவர் அருகில் இருக்கலாகாது என்று தாள் சொல்லிற்று. புகையிலும் ஐதரசன் உண்டு. விறகடுப்பைப் பற்றித் தாளுக்குத் தெரியாது. நாங்களாகவே, மூன்று மணி நேரம் அடுப்பு மூட்டுவதில்லையென்று முடிவு செய்தோம். வீடு முழுவதும் தேநீரின்றி இருந்தது. என் மைத்துனர் தம் சுருட்டை எடுத்துக்கொண்டு படலைக்கு வெளியே போய்விட்டார்.

பல்லை முன்னதாகவே துலக்கி நன்றாகக் கொப்பளித்திருந்தாள். மூச்சுப் பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஊதும் மூச்சின் முற்பகுதி வாயிலும் தொண்டையிலும் நின்ற வெறுங்காற்று; நுரையீரலின் அடியிலிருந்து வருவது பிற்பகுதி. அந்தப் பிற்பகுதியே வேண்டும். ஆகவே பலூன் ஊதுவதுபோல ஊதாமல், இயல்பாக மூச்சை வாங்கிச் சிறிது நிறுத்தி, அமைதியாக நீள விடவேண்டும். பை நிறைந்தபின்னும் தொடர்ந்து ஊதிக்கொண்டே, குழாயை ஊதுவாயிலுள்ள துவாரத்தில் அழுத்த வேண்டும். குழாய்க்குள் காற்று ஏற்கெனவே அகற்றப்பட்டிருப்பதால், அது தானே மூச்சை உறிஞ்சிக்கொள்ளும். உடனே எடுத்து, நேரத்தைச் சீட்டில் எழுதி ஒட்டவேண்டும். குழாயின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. திறந்தால் அந்தக் குழாய் வெளிக்காற்றால் நிறைந்துவிடும். பின்னர் எறிவதே தகும். துவாரத்துக்குள் ஓர் ஊசி மறைந்திருக்கிறது. சிறுவர் விரல் விட்டுவிடாமற் காத்தல் வேண்டும்.

முதற்குழாய் முடிந்தது. கரைசலைக் குடித்தாள். "பதினாறு வருசத்துக்குப் பிறகு பாலின்ர ருசி, மாமா" என்று சிரித்தாள். கையில் கடிகாரத்தோடு நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். வகுப்பறையிற் பரீட்சை மேற்பார்வை செய்த பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. ஓடியாடக் கூடாது, பெருமூச்செறியும் வேலை ஐதரசனைக் குறைத்துக் காட்டும். தூங்கவுங் கூடாது, தூக்கம் குடலின் நடையை மாற்றும். வெற்றிலை, இனிப்பு எதுவும் மெல்லக் கூடாது. நான்காவது குழாய்க்கும் ஐந்தாவதுக்கும் இடையில் அவளுக்குக் கண் சொக்கிற்று. அவளை விழித்திருக்கச் செய்ய அவள் தாய் முகாமிற் பட்ட பாட்டையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். நாங்கள் ஒருவரும் அந்தக் கதையை அத்தனை ஒழுங்காக இதற்கு முன் பேசியதில்லை. இரண்டு குழாய்கள் அந்தக் கதையோடு கழிந்தன. ஒவ்வொரு அரைமணியிலும் வயிறு எப்படியிருக்கிறது என்பதையும் குறித்து வைத்தோம். குழாயின் இலக்கத்தோடு அந்தக் குறிப்பையும் வைத்தியர் ஒப்பிட்டுப் பார்ப்பார். 9 மணிக்கு ஏழாவது குழாயும் நிறைந்தது. வெயில் படாத இடத்தில் வைத்து, துணி சுற்றி, அவளுடைய கைப்பையில் இட்டோம். அதன் பிறகே அடுப்பில் தீ எரிந்தது.

இதைப் படித்தவுடன் யாவரும் ஒரு பெட்டிக்கு எழுதிப்போடத் தொடங்கவேண்டாம். இப்போது இத்தகைய பெட்டிகளை வைத்தியரின் சீட்டில்லாமலே விற்கும் வணிகர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கேள்வி எதுவென்று தெரியாமல் விடையை விலைக்கு வாங்கும் வழக்கத்தை நான் விரும்பவில்லை. பெட்டிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் உள்ளேயுள்ள வெல்லம் வேறு வேறு. சிறுகுடலிற் பற்றீரியா மிகுந்திருக்கிறதா என்று பார்க்க லக்டுலோஸ் அல்லது குளுக்கோசு கொடுப்பார்கள். லக்டுலோஸ் சோதனையின் முடிவை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் வைத்தியரிடையே இன்னும் முழு உடன்பாடு இல்லை. நீரிழிவு உள்ளவர் 75 கிராம் குளுக்கோசையும் பன்னிரண்டு மணி நேரப் பட்டினியையும் தம் எண்ணப்படி மேற்கொள்ளலாகாது. பழவெல்லத்தைப் பிறப்பிலேயே ஏற்காத அரிய நோய் உள்ளவருக்குப் பழவெல்லச் சோதனை உயிருக்கே ஆபத்து.

மூச்சுச் சோதனை என்ற பெயரில் இன்னொன்றும் உண்டு. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடிப்பது அது. அந்தக் கிருமியை வெளிப்படுத்திய அவுஸ்திரேலிய வைத்தியர்கள் பரி மார்ஷலும் ரொபின் வொறனும் 2005இல் நோபெல் பரிசு பெற்றார்கள். மார்ஷல் 1984இல் கிருமியைத் தாமே குடித்து நோயை வருவித்துக்கொண்டவர். அந்தச் சோதனைக்கு முன் அமிலத்தை அடக்கும் மாத்திரைகளை இரண்டு கிழமை நிறுத்தவேண்டி வரும். நிறுத்தலாமா என்று சொல்லவேண்டியவர் வைத்தியரே. ஒன்றின் ஆயத்தத்தை மற்றொன்றுக்குச் செய்து பெட்டியை வீணாக்காதீர்கள்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிவு, விடாத காய்ச்சல், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் குழாயை நினைக்கவே வேண்டாம். கிளிநொச்சியோ, வவுனியாவோ, மாஞ்சோலையோ, அருகிலுள்ள பொது வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். பால் உண்மையிலேயே சமிக்காதவர் என்று தெரிந்தாலும் எல்லாவற்றையும் துறக்கவேண்டியதில்லை. அத்தகையோரிற் பலர் ஒரு குவளைப் பாலை உணவோடு தாங்கிக்கொள்வர். தயிரை உறைய வைக்கும் பற்றீரியாக்கள் பால்வெல்லத்தில் ஒரு பகுதியை முன்னரே தின்றுவிடுவதோடு, உண்டபின்னும் அதை உடைக்க உதவுகின்றன. தயிர் பலருக்கு ஒத்துக்கொள்வதன் காரணம் அதுவே. எங்கள் பிள்ளைக்குப் பாலோடு தயிரையும் சேர்த்து நிறுத்திய அன்று இதை எங்களுக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து இலண்டனிலிருந்து தொலைபேசி வந்தது. முதற்குழாயில் ஐதரசன் 3 பங்கு. மூன்று மணி நேரத்தில் அது ஏறிய உச்சம் 7. மெதேனும் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. பால்வெல்லம் முழுவதையும் அவள் குடல் உறிஞ்சிவிட்டது. முகாமிற் சிதைந்த குடல் எப்போதோ ஆறிவிட்டிருக்கிறது, நாங்கள்தான் அறியவில்லை.

"அப்ப அவளுக்கு எதால வயித்துக்குத்து?" என்று தங்கை கேட்டாள். அதற்கு விடை இன்னும் வரவில்லை. வைத்தியர் இனிக் கோதுமையின் மீது ஐயங்கொண்டிருக்கிறாராம். அதற்கு இரத்தச் சோதனை. அந்தச் சோதனைக்கு ஆயத்தமோ இதற்கு நேர்மாறு: கோதுமையை விலக்கியிருந்தால் இரத்தத்தில் உண்மை தெரியாதாம், ஆதலால் பாணை விட்டொழித்திருந்தவள் ஆறு கிழமைக்கு நாள்தோறும் பாண் தின்னவேண்டும். தின்கிறாளாம். வயிறு ஊதுகிறதாம். பொறுத்துக்கொண்டு தின்கிறாளாம்.

தங்கை அதற்குமேல் வைத்தியம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வைகாசிப் பொங்கலுக்கு அவள் வருவாளா என்று மாத்திரம் கேட்டாள். வருவாள் என்று தெரிந்ததும், முள்ளியவளைப் பக்கம் எருமை வைத்திருப்பவர்கள் யாரென்று என்னிடம் விசாரித்தாள். இரண்டு சட்டித் தயிருக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டுமாம்.